க்யூர் வயலன்ஸ்: கேங் தெருவில் வளரும் பையனுக்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் உதவுகிறது?

ஒரு தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்தால், அடுத்த குண்டு யார்மேல் என்பது அங்கே வளரும் பதினாறு வயதுப் பையனுக்குப் போலீசுக்கு முன்பே தெரிந்திருக்கும். அவன் அதை யாரிடம் சொல்வான்? அமெரிக்காவின் க்யூர் வயலன்ஸ் சேவை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. தொற்றுநோய் மருத்துவரான கேரி ஸ்லட்கின் 2000-இல் சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்கில் இதை சீஸ்ஃபயர் என்ற பெயரில் தொடங்கினார். காசநோயையும் காலராவையும் கட்டுப்படுத்திய அனுபவம் அவருக்கு உண்டு. பழிக்குப் பழியும் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிறது, தொற்று எங்கே தாவப்போகிறதோ அங்கே மறிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

மறிப்பவர்களை இன்டரப்டர் என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு காலத்தில் அதே தெருவில் கேங்கில் இருந்து, சிறைக்கும் போய் வந்தவர்கள். தாங்கள் கேட்டதைப் போலீசுக்குச் சொல்வதில்லை என்பது சேவையின் அடித்தளம். அது ஒருமுறை உடைந்தால் அந்த ஏரியாவில் எந்தப் பையனும் வாய் திறக்க மாட்டான்.

நல்ல இன்டரப்டரின் வேலைமுறையைக் கவனியுங்கள். தகராறு காதில் விழுந்ததும் இரு தரப்பையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க மாட்டார். கோபத்தில் இருப்பவனைத் தனியாக, கூட்டாளிகளின் கண்ணில் படாத இடத்துக்கு, முடிந்தால் காரில் ஏற்றித் தெருவை விட்டே கூட்டிப்போவார். முதலில் பேச விடுவார். அவன் யார் சொன்னால் கேட்பான் என்று பார்ப்பார்: பாட்டியா, அண்ணனா, கேங்கில் மூத்தவனா? அந்த ஆளைப் போனில் பிடிப்பார். அன்று இரவைக் கடத்துவதுதான் முதல் இலக்கு, சமாதானம் அப்புறம். பின்வாங்கினான் என்ற பேர் வராமல் பின்வாங்க அவனுக்கு ஒரு வழி செய்து கொடுக்க வேண்டும். சண்டை ஒரு வீடியோவில் தொடங்கியிருந்தால் அதை அழிக்க வைப்பதும் பேச்சில் சேரும். அடுத்த சில நாட்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். பல இடங்களில் குழுக்கள் தவறுவது இங்கேதான்: கைகுலுக்கியதும் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். இறந்தவனின் பிறந்தநாளோ நினைவுநாளோ வரும்போது பழைய பகை மறுபடி கிளம்புகிறது. அந்தத் தேதிகளைக் குறித்து வைக்காத குழு பாதி வேலைதான் செய்கிறது.

இன்னொரு கை, அவுட்ரீச் ஊழியர். ஒருவருக்குச் சுமார் 15 இளைஞர்கள். பள்ளிக்குத் திரும்புவது, வேலை, போதை சிகிச்சை, கோர்ட் தேதி என்று வாராவாரம் பின்தொடர்வார். இந்த எண்ணிக்கை 30 ஆனால் அது வருகைப் பதிவேடாக மட்டுமே மிஞ்சும்.

யாரைச் சேர்ப்பது என்பதற்குக் கறாரான அளவுகோல்கள் உண்டு: கேங்கில் இருப்பது, அதில் முக்கியப் பங்கு, ஆயுதம் வைத்திருப்பது, வன்முறை வழக்கு, அண்மையில் சிறையிலிருந்து வந்தது, அண்மையில் குண்டடி பட்டது, 16 முதல் 25 வயது. சிகாகோ முறையில் இவற்றில் குறைந்தது நான்கு பொருந்த வேண்டும். சுடவும் சுடப்படவும் மிக அருகில் இருப்பவர்களுக்கே பணம் போகிறது என்ற வகையில் இது சரியான முடிவு. ஆனால் தெருமுனையில் காவல் நிற்கவும் துப்பாக்கியை ஒளித்து வைக்கவும் பழக்கப்படும் பதின்மூன்று வயதுப் பையன் இந்த வலையில் சிக்குவதில்லை. நான்கு பொருந்தும் வரை காத்திருந்தால் அவன் அதற்குள் ஒருமுறை சுடப்பட்டிருப்பான், அல்லது சுட்டிருப்பான். சேவையின் பெரிய ஓட்டையாக எங்களுக்குப் படுவது இதுதான்.

பலன்? இடத்துக்கு இடம் மாறுகிறது. பால்டிமோர் நகரின் செர்ரி ஹில் பகுதியில் இந்த முறையில் நடந்த திட்டத்தைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வு, அங்கே கொலைகள் 56 விழுக்காடும் உயிர்ச்சேதமில்லாத துப்பாக்கிச் சூடுகள் 34 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டது. பிட்ஸ்பர்கில் இதே சாயலில் நடந்த திட்டத்தின் பகுதிகளில் தாக்குதல்கள் கூடின. முறை ஒன்றாகத் தெரிந்தாலும் யாரை வேலைக்கு எடுக்கிறார்கள், யாரைத் தேடிப் போகிறார்கள், எந்த நேரத்தில் தெருவில் நிற்கிறார்கள் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

பணம்தான் நிரந்தரத் தலைவலி. 2015-இல் இல்லினாய் மாநில நிதி நின்றதும் சிகாகோவில் பெரும்பாலான குழுக்கள் கலைந்தன. அடுத்த ஆண்டு நகரில் 750-க்கும் மேல் கொலைகள். காரணங்கள் பல உண்டு. ஆனாலும் ஐந்தாறு வருடம் சேர்த்த நம்பிக்கையை ஒரு பட்ஜெட் கையெழுத்தில் இழப்பது கொடுமை. ஒரு பையன் மனம் திறந்து பேசிய ஆள் அடுத்த மாதம் காணாமல் போனால், அடுத்து வருகிறவரிடம் அவன் பேச மாட்டான்.

உங்கள் பகுதிக்கு இந்தச் சேவை வருவதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இரவு பதினொரு மணிக்கு யார் தெருவில் இருப்பார்? எல்லா இன்டரப்டர்களும் ஒரே கேங்கிலிருந்து வந்தவர்களா? அப்படியென்றால் எதிர்த்தரப்புப் பையன் பக்கத்தில்கூட வர மாட்டான். ஒப்பந்தம் எத்தனை வருடம்? ஒரு வருடம் என்று பதில் வந்தால், மூன்று வருடத்துக்கு எழுதி வாங்கும் வரை கையெழுத்துப் போட விடாதீர்கள்.