யிஷிங் தேநீர்க் கெண்டிகள்: பல ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

சீனாவின் யிஷிங் நகரத்து மண்கெண்டி ஒன்றைக் கையில் கொடுத்தால் பெரும்பாலோர் உடனே கவிழ்த்து, அடியிலுள்ள முத்திரையைப் பார்க்கிறார்கள். அதைக் கடைசியாகப் பாருங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. முதலில் மண், பிறகு கட்டிய விதம், அப்புறம் நீர் விழும் அழகு. பெயர் எல்லாவற்றுக்கும் பின்னால் வரட்டும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக இவற்றைச் சேர்க்கிறேன். அன்றாடம் புழங்கவும் செய்கிறேன். இங்குள்ள தியோச்சூ, ஹொக்கியன் சீனக் குடும்பங்களில் சிறு கெண்டியில் அடர்த்தியாகத் தேநீர் வடிக்கும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. அதனால் சீனாவிலிருந்து முன்பு ஏற்றுமதியான சாதாரணக் கெண்டிகள் பழைய தேயிலைக் கடைகளில் இன்றும் கண்ணில் படுகின்றன.

யிஷிங் நகரம் ஜியாங்சு மாகாணத்தில், தாய்ஹூ ஏரிக்கு மேற்கே இருக்கிறது. கெண்டித் தொழிலின் மையம் அதன் டிங்ஷு பகுதி. அங்குள்ள ஹுவாங்லோங் குன்றிலிருந்து வெட்டியெடுத்த ஸிஷா மண்ணுக்குத்தான் இவ்வளவு பெயர். அது வெட்டும்போது பாறையாகவே வருகிறது. வெயிலிலும் மழையிலும் போட்டு உதிரவிட்டு, அரைத்து, சலித்து, நீர் சேர்த்து அடித்துப் பதப்படுத்துகிறார்கள். சுட்டபின் ஊதா கலந்த பழுப்பு நிறம் தருவது ஸினி, செங்கல் நிறம் தருவது ஹோங்னி, சந்தன நிறம் தருவது துவான்னி. செம்மண்களில் மிக நுண்ணியது ஜூனி. சூளையில் மற்றவற்றைவிட அதிகமாகச் சுருங்குவதால் ஜூனியில் பெரிய கெண்டி செய்வது கடினம். கைப்பிடி, மூக்கு ஒட்டிய இடங்களில் மெல்லிய சுருக்கங்களும் தெரியும்.

உருப்பெருக்கியில் பார்த்தால் நல்ல ஸிஷா ஒரே நிறமாக இருப்பதில்லை. வெளிறியதும் கரியதுமான மணிகள் கலந்து, இடையிடையே அப்பிரகப் பொடி மினுக்கும். பிளாஸ்டிக் போல ஒரே சீராகவும் கண்ணைப் பறிக்கும் சிவப்பாகவும் பச்சையாகவும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். 2010இல் சீன மத்தியத் தொலைக்காட்சி இதே சங்கதியைத்தான் வெளிக்கொண்டுவந்தது: சாதாரண மண்ணில் இரசாயன நிறமிகளைக் கலந்து ஸிஷா என்று விற்றிருக்கிறார்கள். கொதிநீர் ஊற்றிக் குடிக்கும் பாத்திரம் என்பதால் இது வெறும் காசு விவகாரம் அல்ல.

கட்டிய விதத்தை அறிய, மூடியைத் திறந்து உள்ளே விளக்கடித்துப் பார்க்க வேண்டும். யிஷிங்கின் மரபுமுறையில் சக்கரத்துக்கு இடமே இல்லை. மண்ணைப் பலகையில் தட்டித் தகடாக்கி, உருளையாகச் சுற்றி, மரத்தட்டியால் தட்டித் தட்டியே வயிற்றைக் குவிப்பார்கள். தகட்டின் இரு முனைகளும் சேர்ந்த தழும்பு பெரும்பாலும் கைப்பிடிக்கு நேர் உள்ளே செங்குத்தாக ஓடும். உள்ளே விரல் சுழன்ற வளையங்கள் தெரிந்தால் அது சக்கரத்தில் வனைந்தது. பெரும்பாலும் குவாங்தோங் மாகாணத்துச் சாவ்ஜோவிலிருந்து வந்திருக்கும். சாவ்ஜோ கெண்டிகள் தம்மளவில் அருமையானவை. அவற்றை ஜூனி என்று சொல்லி மும்மடங்கு விலைக்கு விற்பதுதான் அநியாயம். அச்சில் அழுத்திச் செய்யும் பாதிக் கைவேலையை நான் குறைவாகப் பேச மாட்டேன். நியாய விலைக்கு நல்ல மண் கிடைக்க அதுவே வழி. ஆனால் குழம்பாக ஊற்றி வார்த்தது வேண்டாம். அதில் மணியும் இராது, உயிரும் இராது. இப்போது அச்சில் செய்பவர்களும் உட்புறத் தழும்பை வேண்டுமென்றே பதிக்கிறார்கள். ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

முத்திரைக்கு வருவோம். 'சீனா யிஷிங்' என்ற நான்கெழுத்துச் சதுர முத்திரை, அரசு ஆலைக் காலத்து ஏற்றுமதிக் கெண்டிகளில் காணப்படுவது. ரப்பர் முத்திரை செய்யத் தெரிந்த எவரும் அதைப் போலியாக்கிவிடலாம். யிஷிங்கின் புகழ்பெற்ற கெண்டிக் கலைஞர் கூ ஜிங்ஜோவின் (1915–1996) பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஷீபியாவ் வடிவக் கெண்டி ஒன்று 2010இல் பெய்ஜிங் ஏலத்தில் 1 கோடியே 23 லட்சம் யுவானுக்குப் போனது. அதன்பின் அவர் பெயர் பொறித்த கெண்டிகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அந்த மேதையே இளமையில், 1930களின் ஷாங்ஹாயில், பழம்பொருள் வணிகருக்காக முன்னோர் கெண்டிகளை நகலெடுத்தவர். நகல் அந்தத் தொழிலின் வரலாற்றிலேயே கலந்திருக்கிறது.

பழையதாகக் காட்டக் காலணி மெருகு தடவுவதும் உண்டு. கொதிநீர் ஊற்றி முகர்ந்தால் குட்டு வெளிப்படும். வாங்குமுன் இந்தச் சோதனைக்கு மறுக்கும் கடையை விட்டு நான் வெளியே வந்துவிடுவேன்.

இனி என் புழக்கத்தில் இருப்பவை. ஸினி மண்ணில் ஷுவேபிங் வடிவக் கெண்டி, 120 மில்லி கொள்ளும். புளிக்கவைத்த பூஅர் என்ற கருந்தேயிலைக்கு மட்டும். இத்தனை காலத்தில் அதன் மேனி மங்கல் பழுப்பிலிருந்து ஆழ்ந்த மினுமினுப்புக்கு வந்துவிட்டது. எண்ணெயோ துணி மெருகோ காரணமல்ல. வடித்து முடித்ததும் கொதிநீரால் அலசி, மூடியைத் திறந்து காயவைக்கிறேன். அவ்வளவுதான். பீங்கான் மூடிக்கிண்ணத்தில் வடிப்பதோடு ஒப்பிட்டால், பூஅரின் முரட்டுத்தனம் இதில் தணிந்து வருகிறது. பழகிய கெண்டியில் வெந்நீர் ஊற்றினாலே தேநீர் மணக்கும் என்பது கட்டுக்கதை.

சின்ன ஜூனிக் கெண்டி, தான்சோங் என்ற மணமிக்க ஊலோங் தேயிலைக்கு. சுவர் மெல்லியது, மண் நெருக்கமானது. மணத்தை விழுங்காமல் தருகிறது. இருப்பவற்றில் நான் உயிராகப் போற்றுவது இதுதான். குளிர்ந்திருக்கும்போது கொதிநீரைச் சட்டென்று ஊற்றினால் விரிசல் விடக்கூடியது. முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகே கொதிநீர்.

துவான்னி எனக்கு மனநிறைவு தரவில்லை. நேர்த்தியான வடிவம், மூடியும் கச்சிதம். சில மாதங்களில் அடியிலும் மூக்கின் வேரிலும் கரும்புள்ளிகள் பரவின. குறைந்த சூட்டில் சுட்ட துவான்னிக்கு வருகிற நோய் இது. நீரும் தேநீரும் துளைகளுக்குள் இறங்கிக் கறுக்கும். விற்ற கடைக்காரர் 'பழகினால் போய்விடும்' என்றார். போகவில்லை. வெளிர் நிறக் கெண்டி வாங்கும்போது, வெந்நீர் ஊற்றிய பின் வெளிப்புறத்தில் ஈரத் திட்டுகள் தோன்றுகின்றனவா என்று நின்று பாருங்கள்.

எந்த மண்ணுக்கும் சோப்பு ஆகாது. வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பவருக்கு இந்தக் கெண்டி தேவையே இல்லை. மென்மையான பச்சைத் தேயிலைக்கும் கண்ணாடியோ பீங்கானோ நல்லது.

தொடங்குபவருக்கு ஸினியில், அச்சில் செய்த, எளிய உருண்டை வடிவம் போதும். கடையிலேயே நீர் நிரப்பிச் சாய்த்துப் பாருங்கள்: தாரை உருண்டையாக, சிதறாமல் விழ வேண்டும், நிமிர்த்தியதும் மூக்கின் நுனியில் சொட்டு நிற்கக்கூடாது. மூடித் துளையை விரலால் அடைத்தால் தாரை நின்றுவிட வேண்டும். பிரபலக் கைவினைஞர் பெயருக்கென்று கூடுதல் பணம் கேட்டால், அந்தப் பணத்துக்கு நல்ல தேயிலை வாங்கிக்கொள்ளுங்கள்.