பின்னூட்டப் பெட்டியைச் சாத்தும் வழிகள்: எதை எடுத்தால் எது மிஞ்சும்?

வலைப்பதிவு நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கத்தில் உள்ள விவாத அமைப்புகளில், மேலேயே ஒரு சிறு கட்டம் இருக்கிறது: ‘புதிய பதிவுகளுக்குப் பின்னூட்டம் இட அனுமதி’. ஸ்பேம் தொல்லை பொறுக்காமல் ஓர் இரவு அதிலிருந்த டிக்கை எடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால், என் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் மட்டுறுத்தல் வரிசையில் 37 பின்னூட்டங்கள். அத்தனையும் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய பதிவுகளின் கீழ் வந்தவை. வேர்ட்பிரஸை அரை நாள் திட்டித் தீர்த்த பிறகுதான் அந்த வரியில் ‘புதிய’ என்றொரு சொல் இருப்பது கண்ணில் பட்டது.

வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவுக்கும் ‘திறப்பு’ அல்லது ‘மூடல்’ என்று ஒரு குறிப்பைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. தரவுத்தளத்தில் பதிவுகள் இருக்கும் அட்டவணையிலேயே, தலைப்புக்கும் தேதிக்கும் பக்கத்தில், அது உட்கார்ந்திருக்கிறது. பிங்பேக்குக்கு, அதாவது வேறொரு தளம் நம் பதிவுக்கு இணைப்புக் கொடுத்ததைத் தெரிவிக்கும் அறிவிப்புக்கு, இன்னொரு குறிப்பு. நாம் அமைப்பில் மாற்றுவது இனிப் பிறக்கப்போகும் பதிவுக்கு எந்தக் குறிப்பை எழுத வேண்டும் என்பதை மட்டுமே. பாதி எழுதிப் போட்டிருக்கும் வரைவுகூட அது பிறந்த நாளின் குறிப்போடுதான் வெளியே வரும்.

ஆகவே பல நூறு பதிவுகள் சேர்ந்துவிட்ட வலைப்பதிவில் பின்னூட்டங்களை ஒட்டுமொத்தமாக நிர்வகிக்க நினைத்தால் இரண்டே பாதைகள்தான். ஒன்று, அந்தக் குறிப்புகளைத் தொடாமல் முன்னால் ஒரு திரையைத் தொங்கவிடுவது. மற்றொன்று, பதிவேட்டைத் திறந்து ஒவ்வொன்றையும் திருத்தி எழுதுவது. வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்காக நாம் சேர்க்கும் செருகுநிரல்கள் எத்தனை பெயரில் வந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன. எந்தச் செருகுநிரல் எதைச் செய்கிறது என்பது அதன் விளம்பர வாசகத்தில் இருக்காது. அதைக் கழற்றும் நாளில்தான் தெரியும்.

திரை போடும் வகையில் பெயர்பெற்றது ‘டிசேபிள் காமென்ட்ஸ்’. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இது நிறுவப்பட்டிருக்கிறது. தளம் முழுவதுக்குமாக நிறுத்தலாம். பதிவு, பக்கம், மீடியா என்று வகை பிரித்தும் நிறுத்தலாம். எல்லா இடத்திலும் நிறுத்தினால் நிர்வாகப் பக்கத்தின் இடப்புறப் பட்டியலிலிருந்து பின்னூட்டம் என்ற வரியே மறைந்துவிடும். பின்னூட்டமே வேண்டாம் என்று முதல் நாளிலேயே முடிவு செய்த நிறுவனத் தளங்களுக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

வாசகர்களோடு பேசிப் பழகிய வலைப்பதிவுக்கு இதைப் போடும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது வாசலை மட்டும் மூடுவதில்லை, உள்ளே இருந்தவர்களையும் மறைத்துவிடுகிறது. ஒரு பதிவின் குறிப்பை வேர்ட்பிரஸே ‘மூடல்’ என்று மாற்றினால் பழைய உரையாடல் அப்படியே படிக்கக் கிடைக்கும், புதிதாக எழுதும் பெட்டி மட்டும் போய்விடும். இந்தச் செருகுநிரலிலோ பழைய பின்னூட்டங்களும் பார்வையிலிருந்து போய்விடுகின்றன. அழிவதில்லை, தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கின்றன; ஆனால் படிக்க வருகிறவருக்கு அவை இல்லை. பதிவில் இருந்த பிழையை ஒருவர் பின்னூட்டத்தில் திருத்தியிருந்து, நானும் ‘கீழே நண்பர் சொன்னதுபோல’ என்று பதிவுக்குள் எழுதியிருந்தால், அந்த ‘கீழே’ இப்போது வெறும் வெளியைக் காட்டும்.

திரையின் நல்ல குணம் எடுத்தால் வந்துவிடுவது. மனம் மாறி ஒரு மாதம் கழித்துக் கழற்றினால் திறந்திருந்தவை திறந்தும் மூடியிருந்தவை மூடியும் பழையபடி நிற்கும். அதன் கெட்ட குணமும் அதுவே. தளத்தில் ஏதாவது கோளாறு என்றால் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, ‘எல்லாச் செருகுநிரல்களையும் முடக்கிப் பாருங்கள்’ என்பதுதான். முடக்கிவிட்டு இரண்டு நாள் கோளாறைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு நாளும் அத்தனை கதவுகளும் திறந்து கிடக்கும்.

திருத்தி எழுதும் வகைச் செருகுநிரல்கள் வேறு மாதிரி. பதிவு வகை, பகுப்பு, தேதி என்று வடிகட்டித் தேர்ந்தெடுத்து, ஒரே சொடுக்கில் குறிப்புகளை மாற்றிவிடுகின்றன. வேலை முடிந்ததும் செருகுநிரலையே நீக்கிவிடலாம், மூடியது மூடியபடி இருக்கும். செருகுநிரல் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருக்க விரும்பும் எனக்கு இது பிடித்த குணம்.

ஆனால் இதில் திரும்பி வரும் பாதை இல்லை. என் தளத்தில் சுமார் 40 பதிவுகளின் பின்னூட்டத்தை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களுக்காகக் கையால் மூடியிருந்தேன். சண்டை முற்றியது ஒன்று, எழுதியவரே கேட்டுக்கொண்டதால் மூடியது இன்னொன்று. ஆழம் தெரியாமல் காலை விட்டதுபோல, இந்த வகைச் செருகுநிரல் ஒன்றில் ‘எல்லாவற்றையும் மூடு’ என்பதை அழுத்தினேன். ஒரு வாரம் கழித்து ‘எல்லாவற்றையும் திற’ என்பதை அழுத்தியபோது அந்த 40 பதிவுகளும் சேர்ந்து திறந்துகொண்டன. எவை முன்பே மூடியிருந்தவை என்ற தகவல் தளத்தில் எங்கேயும் இல்லை. பழைய காப்புநகல் ஒன்று கைவசம் இருந்ததால் பிழைத்தேன்.

செருகுநிரலே இல்லாமல் இதைச் செய்ய வேர்ட்பிரஸில் மொத்தத் திருத்தம் இருக்கிறது. பதிவுப் பட்டியலில் வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து ‘திருத்து’ கொடுத்தால் பின்னூட்டத்துக்கு ஒரு தெரிவு வரும். பட்டியல் ஒரு பக்கத்துக்கு 20 பதிவுகளைத்தான் காட்டும் என்றாலும் அந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் ‘திரை விருப்பங்கள்’ என்பதில் அதை 999 வரை ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றலாம் என்பதற்காக ஏற்றாதீர்கள். தேர்ந்தெடுத்த பதிவுகளின் எண்கள் எல்லாம் இணைய முகவரியிலேயே கோர்க்கப்பட்டுப் போவதால், முகவரி மிக நீளம் என்று சர்வர் கையை விரித்துவிடும். நூறு நூறாகச் செய்வது நல்லது.

மொத்தத் திருத்தத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு பக்கவிளைவு உண்டு. பின்னூட்டக் குறிப்பை மட்டுமே மாற்றினாலும் வேர்ட்பிரஸின் கணக்கில் அது பதிவையே திருத்தியதாகும். கடைசியாகத் திருத்திய தேதி மாறிவிடும். என் தளத்தின் தோற்றத்தை வடிவமைக்கும் வார்ப்புரு அந்தத் தேதியைத் தலைப்புக்குக் கீழே அச்சிடுகிறது. பத்து ஆண்டுகளில் எழுதியவை எல்லாம் ஒரே செவ்வாய்க்கிழமை மாலையில் திருத்தப்பட்டவையாக நின்றன. தேதி காட்டாத வார்ப்புருவில் இது கண்ணில் படாது. ஆனால் தேடுபொறிகளுக்குத் தரும் தளவரைபடத்தில் திருத்தத் தேதி இடம்பெற்றால் அங்கே போய் நிற்கும்.

இதைத் தவிர்க்க நேரான வழி தரவுத்தளத்தில் நேரடியாகக் கட்டளை கொடுப்பது. ஒற்றை வரி எஸ்க்யூஎல் கட்டளையில் எல்லாப் பதிவுகளின் பின்னூட்டக் குறிப்பும் பிங்பேக் குறிப்பும் மாறிவிடும், தேதி அசையாது. ‘இந்தத் தேதிக்கு முந்தையவை மட்டும்’ என்று நிபந்தனையும் சேர்க்கலாம். கட்டளைவரியில் பழகியவர்கள், வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி சிஎல்ஐ கருவி வழியாகவும் செய்வதுண்டு. அதில் வழக்கமான பதிவுத் திருத்தக் கட்டளையைப் பயன்படுத்தினால் தேதி அங்கேயும் நகரும். நேரடிக் கட்டளைக்கு முன் காப்புநகல் எடுக்காதவருக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

நேரடிக் கட்டளை தேவைப்படும் இடம் இன்னொன்றும் உண்டு: மீடியா. நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படமும் வேர்ட்பிரஸுக்கு ஒரு வகைப் பதிவுதான். அதற்கென்று தனிப் பக்கமும் உண்டு, அதன் கீழே பின்னூட்டப் பெட்டியும் உண்டு. பதிவை எல்லாம் மூடிய பிறகும் எங்கிருந்தோ ஸ்பேம் கசிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் வரும் வழி இதுதான். மீடியா நூலகத்தில் இதை மொத்தமாக மூடத் தெரிவே கிடையாது. 2023-இல் வந்த 6.4 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் தளங்களில் இந்தப் படப் பக்கங்கள் முடக்கப்பட்டே வருகின்றன. பழைய தளங்களில் அவை இன்னும் இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் டிசேபிள் காமென்ட்ஸ் வெகு சுலபம்: மீடியா வகைக்கு மட்டும் ஒரு டிக், வேலை முடிந்தது. பதிவுகளின் பழைய உரையாடல்களும் கெடாது. பக்கங்களுக்கு இந்தக் கவலை குறைவு, 2015-இல் வந்த 4.3 பதிப்பிலிருந்து புதிய பக்கங்கள் பின்னூட்டம் மூடியபடியே பிறக்கின்றன.

தளத்தில் வூகாமர்ஸ் செருகுநிரலில் நடக்கும் கடையும் இருந்தால் டிசேபிள் காமென்ட்ஸின் ‘எல்லா இடத்திலும் நிறுத்து’ என்ற தெரிவின் பக்கமே போகாதீர்கள். பொருள்களுக்கு வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரைகளும் வேர்ட்பிரஸின் கண்ணில் பின்னூட்டங்களே. ஆர்டர் குறிப்புகளும் பின்னூட்டங்கள் இருக்கும் அதே அட்டவணையில்தான் கிடக்கின்றன. அட்டவணையை முழுக்கத் துடைத்தால் அவையும் போகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெரும்பாலான தனிநபர் வலைப்பதிவுகளுக்கு இவற்றில் எதுவுமே வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஸ்பேமுக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான். விவாத அமைப்புகளிலேயே, குறிப்பிட்ட நாள்களுக்கு முந்தைய பதிவுகளில் பின்னூட்டத்தைத் தானாக மூடும் தெரிவு இருக்கிறது. 14 நாள் என்று எழுதியிருக்கும், நான் 90 வைத்திருக்கிறேன். இதுவும் திரை வகைதான்: குறிப்பைத் திருத்தாது, பக்கம் திறக்கும் நேரத்தில் பதிவின் வயதைக் கணக்குப் பார்த்துப் பெட்டியை எடுத்துவிடும். டிக்கை எடுத்தால் பழையபடி. அதே சமயம் பழைய பின்னூட்டங்களை மறைப்பதும் இல்லை. இரண்டு பாதைகளின் நன்மையும் இதில் இருக்கிறது, செருகுநிரலும் வேண்டியதில்லை. பதிவுகளுக்கு மட்டும்தான் செல்லும், பக்கங்களுக்குச் செல்லாது என்பது ஒன்றே குறை.

மூடாமல் காவல் போடுவதற்கு, ஸ்பேமை வடிகட்டும் செருகுநிரல்களில் அகிஸ்மெட்டா, ஆன்டிஸ்பேம் பீயா என்று கேட்பவர்களுக்கு: அகிஸ்மெட் வேர்ட்பிரஸோடு கூடவே வருவது, 2005 முதல் இருப்பது, பிடிப்பதில் கெட்டி. ஆனால் ஒவ்வொரு பின்னூட்டத்தையும் தன் சர்வருக்கு வாங்கிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லும், வணிகத் தளங்களுக்குக் கட்டணமும் உண்டு. ஆன்டிஸ்பேம் பீ இலவசம். இயல்பு நிலையில் எதையும் வெளியே அனுப்புவதில்லை. சிறிய தளத்துக்கு இரண்டாவது போதும் என்பது என் அனுபவம். டிஸ்கஸ் போல, பின்னூட்டப் பெட்டியையே வெளியார் சேவையிடம் ஒப்படைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. இலவசமாக வைத்துக்கொண்டால் விளம்பரமும் சேர்ந்து வரும்.

தமிழில் எழுதுகிறவர்கள், விவாத அமைப்புகளில் இருக்கும் தடைச்சொல் பட்டியலில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் முழுச் சொல்லைப் பார்ப்பதில்லை, சொல்லுக்குள்ளும் தேடும். மது விற்பனை ஸ்பேம் வருகிறதே என்று ‘மது’ என்று எழுதி வைத்தேன். ‘நமது’, ‘தமது’, ‘எமது’ என்று எழுதிய அத்தனை வாசகர்களும் மட்டுறுத்தலுக்குக்கூட வராமல் நேரே குப்பைத்தொட்டிக்குப் போனார்கள். தொட்டியில் கிடப்பவை 30 நாளில் தானாக அழியும். நான் கவனித்தது இருபத்தாறாம் நாள். ‘நமது’ போட்டுப் பேசுகிறவர்கள் பொதுவாக நீளமாகவும் அக்கறையாகவும் எழுதுகிறவர்கள் என்பதைத் தொட்டியைக் கிளறியபோது தெரிந்துகொண்டேன். தடைப் பட்டியலைவிட, அதற்கு மேலே இருக்கும் மட்டுறுத்தல் பட்டியலில் சொற்களை வைப்பது மேல். பின்னூட்டம் வரிசையில் நிற்கும், நாம் பார்த்து விடலாம்.

எந்த வழியைப் பிடித்தாலும் முடித்த பிறகு நிர்வாகக் கணக்கிலிருந்து வெளியேறி, தனிச் சாளரத்தில் பழைய பதிவு ஒன்றைத் திறந்து பாருங்கள். வேகத்துக்காக, பக்கங்களின் நகலைச் சேமித்துக் காட்டும் தேக்ககச் செருகுநிரல் போட்டிருந்தால், மூடிய பதிவிலும் பழைய பக்கத்தின் நகல் பெட்டியோடு காட்சியளிக்கும். வாசகர் அதில் நாலு பத்தி எழுதி, அனுப்பு பொத்தானை அழுத்திய பிறகுதான் ‘மன்னிக்கவும், பின்னூட்டம் மூடப்பட்டுள்ளது’ என்ற ஒற்றை வரியைப் பார்ப்பார். மூடியதும் தேக்ககத்தையும் காலி செய்துவிடுங்கள்.