முதல் பிக்கப் எது: ஹைலக்ஸா, மொறிஸ் மைனரா, டட்சனா?

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 இல் மீண்டும் திறக்கப்படும் வரை பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. வன்னியில் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் தறப்பாள் மூடிக் கிடந்த பிக்கப்புகளுக்கும் அப்போது விலை கேட்டு ஆள் வந்தது. அப்படி ஒன்றை வாங்கித் தன் கையாலேயே திருத்தி எடுக்க நினைக்கும் இளைஞர் முன்னால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வந்து நிற்கும்: எண்பதுகளின் ஹைலக்ஸ், மொறிஸ் மைனர் பிக்கப், டட்சன் 720. முதல் வேலைக்கு நான் மைனரையே சொல்வேன். வயல் வேலைக்கு உடனே வாகனம் வேண்டும் என்பவருக்கு மட்டும் என் பதில் வேறு.

1983 முதல் 1988 வரை வந்த ஹைலக்ஸில், '2எல்' எனப் பெயரிட்ட 2,446 சிசி டீசல் எஞ்சின் உள்ளதைத்தான் இங்கே கருதுகிறேன். ஒரு தொன் அளவு பாரம் தாங்கும். நெல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை போனாலும் சளைக்காது. உதிரிப்பாகம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். எந்தக் கராஜிலும் இதைத் தொட்டுப் பழகியவர் இருப்பார்.

ஆனால் இத்தனை நல்ல பெயர் இருப்பதால் நல்ல ஹைலக்ஸ் மலிவாக வராது. மலிவாக வருவது உழைத்துக் களைத்ததாக இருக்கும். பின் வில்லுத்தகடுகள் சேஸியோடு, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தோடு, சேரும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மாரிச் சேறு அங்கேதான் தங்கும். கரையோரத்தில் ஓடிய வண்டியென்றால் உப்பும் சேர்ந்து உள்ளிருந்து கறள் பிடித்திருக்கும். எஞ்சினிலும் இரண்டு பயங்கள் உண்டு. ரேடியேட்டரில் வைக்கோல் தூசியும் சேறும் அடைத்து ஒருமுறை சூடேறினால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் வெடிப்பு விழக்கூடும். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓட வைக்கும் ரைமிங் பெல்ற் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபடும். கற்றுக்கொள்பவர் விடும் ஒரு சிறு பிழைக்கு இந்த எஞ்சின் வாங்கும் தண்டம் பெரிது.

மைனரில் பிழைவிட்டாலும் மீளலாம். கார்புரேட்டர், டிஸ்ரிபியூட்டர், நான்கு பிளக். பொனற்றைத் திறந்தால் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். 948 அல்லது 1,098 சிசி எஞ்சினை மரக்கொம்பில் சங்கிலிக் கப்பி கட்டி இரண்டு பேர் இறக்கிவிடலாம். மைனருக்கான தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் உண்டு. அதனால் இந்த உடலை வெட்டி ஒட்டத் தெரிந்த கைகள் நாட்டில் இன்னும் இருக்கின்றன.

வாங்குமுன் கவனிக்க வேண்டியது சேஸி. மைனர் பிக்கப்புக்கும் வானுக்கும் தனிச் சேஸி உண்டு; காருக்கு இல்லை, அதன் உடலே சேஸி. காரின் பின்பாதியை வெட்டித் தட்டுப் பொருத்தி 'பிக்கப்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வெட்டிய உடல் பாரம் ஏற்றினால் வளையும். கீழே படுத்துப் பார்த்து, முன்னிருந்து பின்வரை நீளும் இரண்டு சட்டங்களைக் கண்டபின் விலை பேசுங்கள்.

வன்னியில் கிடைக்கும் மைனருக்கு இன்னொரு வரலாறும் இருக்கலாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், துளி பெற்றோலில் உயிர்ப்பித்துப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய வாகனங்கள் இவை. அவைதான் நோயாளிகளையும் பிள்ளைகளையும் இடம்பெயர்ந்த குடும்பங்களையும் சுமந்தன. அந்த எஞ்சின்களை ஓட வைத்த மெக்கானிக்குகளின் திறமையை நான் இன்றும் வியக்கிறேன். ஆனால் சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் எண்ணெயில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், பெயரிங்குகள் தேயும். ஆகவே கம்பிரசனும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) எண்ணெய் அழுத்தமும் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஹெட்டைக் கழற்றுகிற நாளிலேயே வால்வுகள் அமரும் வளையங்களான வால்வு சீற்களையும் கடினமானவையாகப் போட்டுவிடுங்கள். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இல் நின்றுவிட்டது. பழைய ஹெட்டில் எக்ஸோஸ்ற் வால்வு அமரும் இடம் ஈயம் இல்லாமல் மெல்ல மெல்லத் தேயும்.

உயிரோடு விளையாடும் இடம் முன் சக்கர மூட்டு. அங்குள்ள திருகு மூட்டுக்குக் கிரீஸ் போகாவிட்டால் அது தேய்ந்து கழன்று, ஓட்டத்திலேயே சக்கரம் மடிந்து விழும். கிரவல் பாதைப் புழுதியில் இது இன்னும் வேகமாகத் தேயும். பெயின்ற் பற்றி நினைக்குமுன் இதையும் பிரேக்கையும் முடியுங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கழற்றப் பொறுமை வேண்டும். நட்டுகளுக்கு அங்குல அளவு ஸ்பானர் தேவை, மில்லிமீற்றர் ஸ்பானர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பல மைனர்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். அதைப் பார்க்காமல் எல்ஈடி விளக்கோ ரேடியோவோ பூட்டினால் எரிந்துபோகும்.

மைனரின் குறை அதன் பாரம். தொடக்கத்தில் வந்தவை சுமார் 250 கிலோ தாங்கும் வகை. நான்கு நெல் மூட்டையோடு நிறைந்துவிடும். அடுத்த காலபோகத்துக்கே வண்டி உழைக்க வேண்டும் என்றால், நல்ல சேஸியுள்ள ஹைலக்ஸுக்குக் காசு சேர்ப்பதே சரி.

டட்சன் 720 பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. அதன் எஸ்டி22 டீசல் எஞ்சின் சத்தம் போடும், மெதுவாக ஓடும், நெடுநாள் உழைக்கும். அறுந்துபோக ரைமிங் பெல்ற் கிடையாது. எஞ்சினுக்காக வாங்கலாம். ஆனால் தகடு மெல்லியது. கதவும் மட்காடும் கறளில் போனால் மாற்றுத் தகடு தேடியே ஆண்டு கழியும்.

மூன்றில் எதுவானாலும் பதிவுப் புத்தகமும் சேஸி இலக்கமும் ஒத்திருக்க வேண்டும். 2009 இல் சனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்த மண் இது. ஆவணம் இல்லாத வாகனம் இங்கே புதுமையல்ல. இலக்கம் உராய்ந்தோ ஒட்டியோ இருந்தால், விற்பவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அழகுபடுத்தலில் நான் முதலிடம் கொடுப்பது பின் தட்டுக்கு. தகரத்துக்கு மேல் முதிரைப் பலகை அடித்து எண்ணெய் பூசினால் அந்த மஞ்சள் நிறத்துக்கு ஈடு கிடையாது. பலகையை ஏற்றிவர அனுமதிப்பத்திரம் எடுங்கள். அகன்ற ரயர் மைனருக்கு வேண்டாம், ஏற்கெனவே தேயும் முன் மூட்டுக்குச் சுமை கூடும். நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும்; அதற்கான பணத்தை பெயின்ற் செலவோடு சேர்த்தே ஒதுக்கி வையுங்கள்.