கோவை சர்வீஸும் சென்னை சர்வீஸும் ஒன்று சேர்ந்த கதை

இந்த முறை ஊருக்குப் போனதில் கல்யாணம், கோயில், சொந்தக்காரர் வீடு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. ஆனால் நினைவில் நிற்பது கோவையில் ஒரு பேங்க் கிளையின் மேனேஜர் மேஜைதான். அங்கே பட்ட பாட்டை எழுதித் தீர்க்காமல் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

1996ல் கோவையில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் சேர்ந்து நாலரை வருடம் வேலை பார்த்தேன். 2001ல் சென்னை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறரை வருடம். 2007ல் இங்கிலாந்து. இப்போது 58 நெருங்குகிறது. தனியார் கம்பெனியில் பிஎஃப் பிடித்தவர்களுக்கு இபிஎஸ் 95 என்ற பென்ஷன் உண்டு என்பது தெரிந்ததுதான். முதலாளி கட்டும் பங்கில் 8.33 சதவீதம் அதற்குப் போகும். மொத்தம் பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதிலிருந்து மாதாமாதம் பென்ஷன். பத்துக்குக் கீழே என்றால் 10சி படிவம் போட்டு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்க வேண்டியதுதான்.

எனக்குப் பதினொரு வருடம். ஆனால் சென்னைக் கணக்கில் இருந்தது ஆறரை மட்டுமே. 2001லேயே படிவம் 13 கொடுத்து கோவை பிஎஃப்பைச் சென்னைக்கு மாற்றியாகிவிட்டது, பணமும் வந்து சேர்ந்தது. அதோடு வர வேண்டிய சர்வீஸ் விவரம், அதாவது அனெக்ஸர் கே, எங்கோ நின்றுவிட்டது. பணம் வந்துவிட்டதே என்று நம்மில் பலர் நிம்மதியாக இருப்போம். பென்ஷனுக்குக் கணக்கு பணமல்ல, வருடம்.

பிரிட்டனில் இதே மாதிரி பழைய கம்பெனி பென்ஷன்கள் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பழைய வேலைகளின் பென்ஷன் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரசாங்கமே இலவசமாக ஒரு தேடல் சேவை வைத்திருக்கிறது. நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் சொன்னால் மீதி வேலையைப் புதிய நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. வீட்டை விட்டு வெளியே போகவே தேவையில்லை. அதே சமயம், போனில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்தபின் எடுப்பவருக்கு நான் ஒரு எண் மட்டும்தான்.

கோவையில் நடந்தது வேறு. கம்பெனி மூடி வெகுகாலம் ஆகிறது. இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட். அங்கே அக்கவுண்ட்ஸ் பார்த்த அண்ணன் சிங்காநல்லூர் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் பார்த்ததும், "அசெம்ப்ளி செக்சன் தம்பிதானுங்களே நீங்க?" என்றார். காபி கொடுத்துவிட்டுப் பரண் மேலிருந்து துணிப்பை ஒன்றை இறக்கினார். உள்ளே வருடவாரியாகக் கட்டிய 3ஏ படிவங்களின் நகல்கள். மாதாமாதம் யாருக்கு எவ்வளவு சம்பளம், பிஎஃப் எவ்வளவு, பென்ஷன் பங்கு எவ்வளவு என்று நீல மையில், அவர் கையெழுத்தில். "மூடறப்போ எடைக்குப் போடச் சொன்னாங்க. யாராவது கேட்டு வருவீங்கன்னுதான் எடுத்து வச்சேன்." எந்த கால் சென்டரில் இப்படி ஒரு மனிதர் கிடைப்பார்?

பிஎஃப் அலுவலகத்தில் பொறுமையாகவே கேட்டார்கள். 3ஏ நகலைப் புரட்டிப் பார்த்த பெண் அலுவலர், "இது போதுங்க சார், விண்ணப்பத்துல ஒரு அட்டெஸ்டேஷன் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். கம்பெனி இல்லாததால் பேங்க் மேனேஜரோ கெஜட்டட் ஆபீசரோ போஸ்ட்மாஸ்டரோ கையெழுத்துப் போட வேண்டும். என் பேங்க் கணக்கு அதே ஊரில்தானே, அரை மணி நேர வேலை என்று கிளம்பினேன்.

சம்பளக் கணக்காக 1996ல் தொடங்கியது, வெளிநாடு போனதும் முறையாக என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான கணக்காக ஆக்கியது. மேனேஜருக்கு முப்பது வயது இருக்கலாம். மரியாதையாகத்தான் பேசினார். எதிரில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். கம்ப்யூட்டரில் என் பழைய மாதிரிக் கையெழுத்தைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். இருபத்தெட்டு வயதில் முழுப் பெயரையும் விரித்து எழுதி அடியில் கோடு இழுத்த கையெழுத்து. இப்போது போடுவது அதன் சுருக்கம். கோடு அப்படியே இருக்கிறது, எழுத்துகள்தான் குறைந்திருக்கின்றன.

"மேட்ச் ஆகலை சார்."

சரி, புதிய கையெழுத்தைப் பதிந்துகொள்ளுங்கள் என்றேன். அதற்கு ஒரு படிவம். அந்தப் படிவத்தில் பழைய கையெழுத்து ஒன்று, புதியது ஒன்று. பழையது திரையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டில், ஆதாரில், பான் கார்டில் ஒரே முகம், ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி. கேஒய்சி போன வருடம்தான் புதுப்பித்தது. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். அவர் எதையும் மறுக்கவில்லை. "நீங்கதான்னு எனக்குத் தெரியுது சார், சிஸ்டம் ஒத்துக்கலையே" என்றார். எனக்குக் கோபம் வந்தது அந்த வார்த்தைக்குத்தான். எதிரில் இருக்கிற ஆளைக் கண்ணால் பார்த்து, இவர் இன்னார் என்று சொல்வதற்குத்தானே ஒரு அதிகாரியின் கையெழுத்தைக் கேட்கிறார்கள்? மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் அவர் லீவு. பொறுப்பில் இருந்தவர், மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார்.

வெளியே ஜெராக்ஸ் கடைக்காரர்தான் வழி சொன்னார். "பக்கத்துல போஸ்ட் ஆபீஸ்ல கேளுங்க சார், எல்லாரும் அங்கதான் போறாங்க." போனேன். பச்சை மேஜைவிரிப்பு, பசை பாட்டில், ரெவின்யூ ஸ்டாம்ப் வைக்கும் தகர டப்பா. சின்ன வயதில் மணியார்டர் வாங்கப் போனபோது பார்த்த அதே ஏற்பாடு. போஸ்ட்மாஸ்டர் அம்மா பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று கேட்டார். விண்ணப்பத்தை முழுக்கப் படித்தார். கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, வட்ட முத்திரையை அழுத்திக் கொடுத்தார். பணம் ஏதும் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்குக் கிடைப்பது என்ன என்று லண்டனில் நண்பர்கள் கேட்கிறார்கள். 2014 செப்டம்பருக்கு முன் வேலையை விட்டவர்களுக்குக் கடைசி பன்னிரண்டு மாதச் சராசரி சம்பளம்தான் கணக்கு. உச்சவரம்பு 6,500 ரூபாய். அதைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் பதினொரு வருடத்துக்கு மாதம் 1,021 ரூபாய். பத்து பவுண்ட் கூடத் தேறாது. சர்வீஸ் சேராமல் 10சி போட்டிருந்தால் ஐம்பதாயிரத்துக்குள் ஒரு தொகையோடு முடிந்திருக்கும். ஆனால் பென்ஷன் ஆயுள் முழுக்க வரும், எனக்குப் பிறகு மனைவிக்கும் உண்டு, அவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 1,000. தொகை சின்னதுதான். பதினொரு வருடம் ஷிப்ட் பார்த்து உழைத்ததில் நாலரை வருடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கோவை சர்வீஸ் இப்போது சென்னைக் கணக்கில் ஏறிவிட்டது. 58 முடிந்ததும் பென்ஷன் கேட்டு 10டி படிவம் போட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து இந்தியாவில் எந்த பேங்க், எந்தக் கிளையிலும் இந்தப் பென்ஷனை வாங்கலாம் என்று ஆகிவிட்டதால், ஊர் மாறினால் பிபிஓ என்ற பென்ஷன் உத்தரவைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை இல்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து, ஆதார் இல்லாமல் இருப்பவர்களுக்கும் 2024 நவம்பரில் பிஎஃப் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். 50 தாண்டியவர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, 10சியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாப் பழைய கம்பெனிகளின் சர்வீஸும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிஎஃப் சிலிப் எது கிடைத்தாலும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.