‘ஒரு வருஷம் ஜெர்மனி’ என்று பணம் கட்டப் போகிறவர்கள், முதலில் உங்கள் கல்லூரி ஆபீஸில் ஒரு கேள்வி கேளுங்கள்

சேலத்தில் எக்ஸ்சேஞ்ச் மாணவராக, அதாவது இங்கே கல்லூரியில் பெயர் இருக்கும்போதே அங்கே போய்ப் படிக்கிறவராக, ஒரு வருடம் ஜெர்மனிக்கு அனுப்புகிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கிய ஓர் அலுவலகத்தில் நானும் கட்டினேன். மொத்தம் 2,65,000 ரூபாய். அதோடு என் படிப்பில் ஒரு வருடமும் போய்விட்டது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். பலகையை மாற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவில் இதையே திரும்பச் செய்ய ஒரு வாரம் போதும்.

எங்கள் வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். எங்களுக்கென்று ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, கீழே காபி. நான் தினமும் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். 2023 செப்டம்பரில், நான் இரண்டாம் வருடம், அந்த அலுவலகத்து ஆள் ஒருவர் எங்கள் கல்லூரி செமினார் ஹாலுக்கே வந்து பேசினார். முன்வரிசையில் எங்கள் துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். கல்லூரியே கூப்பிட்டிருக்கிறது, அப்புறம் என்ன சந்தேகம் என்று நாங்கள் நினைத்தோம். ஹாலைக் கொடுத்ததோடு சரி, அந்த ஆளுக்கும் கல்லூரிக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கல்லூரிகள் இப்படி யாருக்கும் மேடை கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஒரு மணி நேர இடம்தானே என்று கொடுக்கிறார்கள், அந்த மேடையை நம்பித்தான் பிள்ளைகள் வீட்டில் போய்ப் பணம் கேட்கிறார்கள்.

மூன்றாம் வருடத்தை ஜெர்மனியில் படிக்கலாம், எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய உதவித்தொகை கிடைக்கும், கட்டிய பணம் அதிலேயே திரும்பிவிடும் என்றார். பதிவுக் கட்டணம் 25,000 கட்டினேன். ‘அட்டஸ்டேஷன் பண்ணணும்’ என்று பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைக் கொடுத்திருக்கவே கூடாது. பின்னால் நாங்கள் சத்தம் போட முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

2024 பிப்ரவரியில் புரோகிராம் ஃபீஸ் வாங்க அவரே காரில் மேலே வந்தார். வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தோம். அம்மா வெறுங்காலோடு அதைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஷூவோடு தார்ப்பாய் ஓரமாக மிதித்துக்கொண்டே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஷூ பட்ட இடத்து மிளகைக் கையால் வழித்துத் தனியாக எடுத்து வைத்தார். அப்பா 80,000 ரூபாயை அவர்கள் பேங்க் கணக்கில் போட்டிருந்தார். மீதி ஒரு லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தார். ‘ரசீது ஆபீஸ்ல போட்டு பாப்பா கையில குடுத்தனுப்பறேங்கண்ணா’ என்றார் அந்த ஆள். வந்தது 80,000-க்கு மட்டும்தான். அதிலும் ‘ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருந்தது.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. காபிப் பழம் எடை போடும்போது கால் கிலோ முன்னே பின்னே போனாலும் திருப்பித் தராசில் வைக்கச் சொல்கிறவர். செக்ரோலில், அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவில், ஒரு பெயர் தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவார். இவர்கள் கொடுத்த தாள் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொல்ல வேண்டியவள் நான்.

ஜூனில் அலுவலகத்திலிருந்து போன். ‘மூணாம் வருஷ ஃபீஸ் கட்டிடாதம்மா, காலேஜ்ல பிரேக் எழுதிக் குடுத்துரு, ரெண்டு இடத்துல பேர் இருந்தா விசா ரிஜெக்ட் ஆயிடும்’ என்றார் அங்கே வேலை செய்த அக்கா. எழுதிக் கொடுத்துவிட்டேன். இது அப்பட்டமான பொய். உண்மையான எக்ஸ்சேஞ்சில் நீங்கள் உங்கள் கல்லூரியின் மாணவராகவே இருப்பீர்கள். இங்கே உங்கள் பெயர் இருப்பதால்தான் அங்கே எக்ஸ்சேஞ்ச் மாணவராகச் சேர்க்கிறார்கள். படிப்பை நிறுத்திவிட்டால் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்ற சொல்லுக்கே அர்த்தம் கிடையாது.

ஜூலையில் பிடிஎஃப்பாக ஓர் அனுமதிக் கடிதம் வந்தது. மேலே பல்கலைக்கழக முத்திரை, கீழே கையெழுத்து. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது அதே கடிதத்தைப் பார்த்தால் தப்புகள் வரிசையாகக் கண்ணில் படுகின்றன. தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி. என்ன பாடங்கள் என்று ஒரு வரிகூட இல்லை. குளிர்கால செமஸ்டர் செப்டம்பர் 1-இல் தொடங்குவதாகப் போட்டிருந்தது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் அது பொதுவாக அக்டோபர் 1. அந்தப் பல்கலைக்கழக இணையதளத்தைத் திறந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

செப்டம்பரில்தான் 60,000 போனது. ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் ஒரு வருடச் செலவுக்கான பணத்தைத் தங்கள் பெயரில் ஒரு முடக்கக் கணக்கில், அதாவது பிளாக்டு அக்கவுண்டில், போட்டுக் காட்டலாம். அந்தத் தொகை 2024 செப்டம்பரில் 11,208 யூரோவிலிருந்து 11,904 யூரோவாக உயர்ந்தது உண்மைதான். அப்போது நம் பணத்தில் பதினோரு லட்சம் போல வந்தது. அந்தச் செய்தியைக் காட்டித்தான் பேசினார்கள். ‘அவ்வளவு பணத்துக்கு எங்க போவீங்க, நாங்க போட்டுக் காட்டி விசா வந்ததும் எடுத்துக்கறோம், வட்டி மட்டும் 60,000 குடுங்க.’ அப்பா எஸ்டேட்டில் முன்பணம் வாங்கிக் கொடுத்தார்.

இதைக் கவனமாகப் படியுங்கள். அந்தக் கணக்கு மாணவர் பெயரில்தான் இருக்கும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதாமாதம் (2024 கணக்கில் 992 யூரோ) மாணவருக்குத்தான் விடுவிப்பார்கள். விசா வந்ததும் மூன்றாவது ஆள் வந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போக முடியாது, அதைத் தடுக்கத்தான் முடக்கியே வைக்கிறார்கள். ‘போட்டுக் காட்டி எடுத்துக்கறோம்’ என்று யாராவது சொன்னால் ஒன்று கணக்கே இருக்காது, இல்லையென்றால் போலித் தாள் தயாராகிறது. போலித் தாளோடு தூதரகத்தில் போய் நிற்பது நீங்கள்தான்.

அக்டோபர் வந்தது. விசா ஸ்லாட் கிடைக்கவில்லை என்றார்கள். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று இழுத்தார்கள். நவம்பரில் ஒருநாள் அந்தப் பல்கலைக்கழக இணையதளத்தில் சர்வதேச அலுவலகத்தின் முகவரியைத் தேடி எடுத்து நானே எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையாக, நாலே வரி. இந்தக் கடிதம் எங்களுடையது இல்லை. உங்கள் கல்லூரியோடு எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை. எக்ஸ்சேஞ்ச் மாணவர்களை அவர்கள் படிக்கும் கல்லூரிதான் பரிந்துரைக்கும், ஏஜென்ட் மூலமாக நாங்கள் எடுப்பதில்லை.

அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கல்லூரி ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் கண்ணாடியைப் போட்டு முழுதும் படித்தார். ‘நமக்கு எந்த வெளிநாட்டு யுனிவர்சிட்டியோடவும் ஒப்பந்தம் இல்லையேம்மா, முன்னாடியே வந்து கேட்டிருக்கலாம்ல’ என்றார். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்தப் பல்கலைக்கழகத்தோடு நம் கல்லூரிக்கு ஒப்பந்தம் இருக்கிறதா?

எராஸ்மஸ் என்பது 1987-இல் ஐரோப்பாவில் தொடங்கிய திட்டம். இந்தியாவிலிருந்தும் அதில் போகிறார்கள். ஆனால் இங்குள்ள கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஆளைக் கல்லூரிதான் தேர்ந்தெடுக்கும். போவதற்கு முன்பே எந்தப் பாடத்துக்கு இங்கே எத்தனை கிரெடிட் என்று இரண்டு பக்கமும் மாணவரும் கையெழுத்திட்ட கற்றல் ஒப்பந்தம் இருக்கும். அங்கே டியூஷன் கட்டணம் வாங்க மாட்டார்கள். எராஸ்மஸ் இல்லாத நேரடி ஒப்பந்தங்களிலும் வழக்கமாக இங்கே உள்ள ஃபீஸ்தான். விமானம், காப்பீடு, தங்குமிடம், செமஸ்டர் பங்களிப்புத் தொகை எல்லாம் உங்கள் செலவு. விசா கட்டணம் 75 யூரோ. இதில் ‘எக்ஸ்சேஞ்ச் சீட்டு’க்கு விலை என்று ஒன்று எங்கேயும் இல்லை, அதை விற்க வெளி ஆளுக்கு உரிமையும் இல்லை. முழுப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க உதவும் நல்ல ஆலோசகர்கள் இருக்கலாம். நான் சொல்வது எக்ஸ்சேஞ்சைப் பற்றி மட்டும்.

ஆத்தூரிலிருந்து வந்த ஒரு பையனிடம் இதே ஆட்கள் அமெரிக்கா என்று சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு ஜே-1 விசா, அதற்கு டிஎஸ்-2019 என்ற படிவம் வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த நிறுவனங்கள்தான் அதைத் தர முடியும், பட்டியல் பொதுவில் இருக்கிறது. அவன் பட்டியலைப் பார்த்துவிட்டு 25,000-த்தோடு நிறுத்திக்கொண்டான்.

பணத்தைக் கேட்டுப் போனபோது ரசீதில் உள்ள ‘திருப்பித் தரப்படாது’ வரியைக் காட்டினார்கள். பத்து முறை நடந்த பிறகு மார்க் ஷீட் கிடைத்தது. பிளஸ் டூ ஷீட்டின் மூலையில் ஸ்டேப்ளர் குத்திக் குத்தி ஓட்டை விழுந்திருக்கிறது, நடுவில் டீ டம்ளர் வைத்த வட்டக் கறை. பத்தாவது ஷீட்டைக் காணவில்லை என்றார்கள், நகல் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

சேலம் மாநகர போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். நுகர்வோர் ஆணையத்திலும் புகார் போட்டிருக்கிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த ஒரு லட்சத்துக்கு என் கையில் எதுவும் இல்லை. அந்த வாரம் ‘ஒரு லட்சம் கிடைச்சுதா சார்’ என்று கேட்ட வாட்ஸ்அப் செய்திக்கு ‘ஓகேம்மா’ என்று வந்த பதிலைத்தான் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

2025 ஜூனில் ஜூனியர்களோடு மூன்றாம் வருடத்தில் திரும்பச் சேர்ந்தேன். இதுவரை எங்கள் மாதிரி மூன்று பேர் தனித்தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். இன்னும் பலர் வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள் என்று தெரியும், அந்த அலுவலகத்தில் அவர்களோடு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் அழித்துவிடாதீர்கள். உங்களுக்கும் இரண்டு வருடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.