கடைசி லீக் ஆட்டம்: முழு பலமா, ஓய்வா?

பிளேஆஃப் இடம் உறுதி. முடிவால் மாறப்போவது ஒன்றுமில்லாத கடைசி ஆட்டம். முதல் அணியை இறக்குவதா, உட்கார வைப்பதா? அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டுதோறும் கிளம்பும் வழக்கு இது.

இறக்கியவர்களில் புகழ்பெற்றது 2007 நியூயார்க் ஜயண்ட்ஸ். அதுவரை தோற்காத நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸிடம் மல்லுக்கட்டி 35-38 என்று தோற்றார்கள். தோல்விதான், ஆனால் 'இவர்களை வீழ்த்த முடியும்' என்ற துணிச்சல் அதில்தான் பிறந்திருக்க வேண்டும். ஐந்தே வாரத்தில் சூப்பர் பவுலில் (கோப்பைக்கான இறுதிப் போட்டி) அதே அணியை 17-14 என்று சாய்த்தார்கள்.

உட்கார வைத்தவர்கள் 2009 பருவத்தின் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ். 13 ஆட்டம் தொடர்ந்து வென்று, கடைசி மூன்றையும் தோற்றார்கள். கடைசி லீக் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தி பந்தை எறிபவர்) டுரூ பிரீஸ் களமிறங்கவே இல்லை; கரோலினாவிடம் 10-23. "சூடு ஆறிவிட்டது" என்றவர்கள் வாயடைத்தார்கள்: கோப்பை அவர்களுக்கே. சூப்பர் பவுலில் அவர்களிடம் தோற்ற இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸும் ஓய்வுக் கட்சிதான் என்பது வேடிக்கை.

அதே நாளில் (2010 ஜனவரி 3) பேட்ரியாட்ஸ் தன் முதல் அணியோடு ஹூஸ்டனில் இறங்கியது. அதன் நட்சத்திர பந்து பிடிப்பாளர் வெஸ் வெல்கரின் முழங்கால் போனது, ஆட்டமும் 27-34 என்று போனது. அடுத்த வாரம் பிளேஆஃபில், சொந்த மண்ணில் பால்டிமோரிடம் 14-33 என்று தோல்வி.

என் ஓட்டு ஓய்வுக்கே. ஆனால் பிளேஆஃபின் முதல் சுற்றில் விடுப்பு (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் சலுகை) இல்லாத அணி என்றால், முதல் பாதி மட்டுமாவது ஆடவிடுவேன்.