நாளுக்கு நாலு அதிகாரம்: மெக்ஷெய்ன் அட்டவணை எப்படி இருக்கிறது?

டிசம்பர் கடைசி வந்தால் போதும், சபை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வருட வேதவாசிப்பு அட்டவணைகள் வரிசையாக வந்து விழ ஆரம்பித்துவிடும். பாதிப் பேர் பிப்ரவரியிலேயே கைவிட்டுவிடுகிற இந்தச் சமாச்சாரத்தில் மெக்ஷெய்ன் அட்டவணையைத்தான் நான் பயன்படுத்தி வருகிறேன், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ராபர்ட் மரே மெக்ஷெய்ன் ஸ்காட்லாந்தில் டண்டீ நகரின் புனித பேதுரு சபையில் போதகராக இருந்தவர். 1842 கடைசியில் தன் சபையார் எல்லோரும் ஒரே நாளில் ஒரே பகுதியை வாசிக்க வேண்டும் என்று இதைப் போட்டுக் கொடுத்தார். அடுத்த மார்ச்சிலேயே, 29 வயதில், இறந்துபோனார். சபை முதல் சுற்றை முடித்ததை அவர் பார்க்கவில்லை. அவர் போட்ட அட்டவணை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கு இதுதான். வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள், ஒரு தடவை முடிக்க நாளுக்கு மூன்றுக்குச் சற்று மேலே வாசித்தால் போதும். இவர் நான்கு பத்தி (நெடுவரிசை) போட்டு நாளுக்கு நான்கு பகுதி வைத்திருப்பதால் வருடம் முடியும்போது பழைய ஏற்பாடு ஒரு தடவையும் புதிய ஏற்பாடும் சங்கீதப் புத்தகமும் இரண்டு தடவையும் முடிந்திருக்கும். முதல் இரண்டு பத்தி குடும்பமாக வாசிக்க, அடுத்த இரண்டு தனியாக வாசிக்க. இந்தப் பிரிவினையை நிறைய பேர் கவனிப்பதே இல்லை, நாலையும் ஒருவரே ஒரே மூச்சில் விழுங்கப் பார்த்துத் திணறுகிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 1 அன்று ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. சிருஷ்டிப்பு, கிறிஸ்துவின் பிறப்பு, சிறையிருப்பிலிருந்து திரும்புதல், சபையின் தொடக்கம் என்று நான்கு ஆரம்பங்கள் ஒரே நாளில். ஆதியாகமத்திலிருந்து நேராகப் போகிறவர்கள் பலிமுறைச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் சிக்கிக்கொள்வது தெரிந்த கதைதானே, இங்கே ஒரு பத்தி வறண்டு போனாலும் மற்ற மூன்றில் ஏதாவது ஒன்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்புறம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அதிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது நடக்கிற விஷயம். ஜனவரி 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நெகேமியா 2-இல் பாரசீக ராஜா தன் பானபாத்திரக்காரனான நெகேமியாவிடம் “நீ கேட்கிற காரியம் என்ன” என்று கேட்கிறார், நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டு அதே மூச்சில் ராஜாவுக்குப் பதில் சொல்கிறார். முழங்கால் போட நேரமில்லை, ராஜா எதிரே இருக்கிறார், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு ஜெபம். அதே நாளில் அப்போஸ்தலர் 12: சிறையிலிருக்கிற பேதுருவுக்காகச் சபை ஊக்கமாக ஜெபம் பண்ணுகிறது, பேதுரு விடுதலையாகி வந்து கதவைத் தட்டுகிறார், ரோதை என்ற பெண் ஓடிவந்து சொன்னால் ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே நம்ப மாட்டேன் என்கிறார்கள்! வேலைக்கு நடுவே ஒரு நொடி ஜெபிப்பதையும், மணிக்கணக்கில் ஜெபித்துவிட்டு பதில் வாசலில் நிற்கும்போது திகைப்பதையும் ஒரே காலையில் வாசித்தால் அது நாள் முழுக்கக் கூடவே வரும். இதை எந்தத் தியானப் புத்தகமும் எனக்கு எடுத்துத் தரவில்லை, இரண்டு அதிகாரங்களும் பக்கத்தில் இருந்ததே போதுமாக இருந்தது.

இனி குறைகள். முதல் குறை அளவு. நாலு பகுதியையும் நிதானமாக வாசிக்க அரை மணி நேரமாவது வேண்டும், அது வாசிப்புக்கு மட்டும், ஜெபத்துக்கு இல்லை. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டிலும் இரவுப் பணி பார்க்கிறவர்களுக்கும் இது நடக்கிற காரியமில்லை. இரண்டாவது, அட்டவணையை விட அதைச் சுமந்து வருகிற கைபேசி செயலி. நான் பயன்படுத்திய செயலியில் நாலு கட்டத்திலும் டிக் போட்டால் ஒரு தீச்சுடர் எரியும், ஒரு நாள் விட்டால் அணைந்துவிடும். அந்தச் சுடருக்காக இரவு தூக்கக் கலக்கத்தில் விரலால் தள்ளித்தள்ளி “வாசித்து” டிக் போட்டுவிட்டுப் படுப்பதற்குப் பெயர் வேதவாசிப்பா, வருகைப்பதிவா? செயலிக்கு ஐந்தில் இரண்டு, அதுவும் ஒலி வடிவம் தெளிவாக இருப்பதால்தான்.

இப்படி ஓடினால் எதை இழக்கிறோம் என்பதற்கு எண்ணாகமம் 7 போதும். 89 வசனங்கள். இஸ்ரவேல் கோத்திரங்களின் பன்னிரண்டு பிரபுக்களும் பன்னிரண்டு நாள் அதே காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள், நூற்றுமுப்பது சேக்கல் வெள்ளித்தாலம், எழுபது சேக்கல் வெள்ளிக்கலம் என்று எழுத்து மாறாமல் திரும்பத்திரும்ப. யாருக்கும் தள்ளிவிடத்தான் கை போகும். ஆனால் கடைசி வசனத்தில் மோசே ஆசரிப்புக் கூடாரத்துக்குள் போகிறார், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின் மேலே இரண்டு கேருபீன்களின் நடுவிலிருந்து தன்னோடு பேசுகிறவரின் சத்தத்தைக் கேட்கிறார். அந்த வசனத்துக்கு வரும்போது நம் விரல் அடுத்த அதிகாரத்துக்குப் போயிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால் மெக்ஷெய்னுக்கே இது தெரிந்திருந்தது. அட்டவணையோடு சேர்த்தே அதன் ஆபத்துகளையும் எழுதிக் கொடுத்தார்: வெறும் சடங்காகிவிடலாம், முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் வாசிக்கலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். தன் பொருளின் பக்கவிளைவுகளை முதல் நாளே சொல்லிவிட்டு விநியோகித்த மனிதர். செயலி செய்தவர்கள் அதைத்தான் விட்டுவிட்டார்கள்.

சரி, இதனால் தேவனோடு நெருங்க முடியுமா? “தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்” என்று தன் நிருபத்தில் எழுதுகிற யாக்கோபு அதற்கு அதிகார எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. அட்டவணை செய்வதெல்லாம் இன்றைக்கு எதைத் திறப்பது என்ற தடுமாற்றத்தை எடுத்துவிடுவதுதான். அதுவே பெரிய உதவி, ஏனென்றால் அந்தத் தடுமாற்றத்தில்தான் பலருடைய காலை ஜெபநேரம் கரைகிறது. உட்கார்ந்த பிறகு ஒரு வசனத்தில் நின்று அதைச் சொல்லியே ஜெபிப்பது நம் வேலை.

இப்போது நான் செய்வது: தாளில் அச்சடித்த பிரதி, முதல் இரண்டு பத்தி இந்த வருடம், அடுத்த இரண்டு வரும் வருடம். பழைய ஏற்பாடு இரண்டு வருடத்தில் முடியும், புதிய ஏற்பாடு வருடத்துக்கு ஒரு தடவை வந்துவிடும், நின்று வாசிக்க நேரமும் கிடைக்கும். விட்டுப்போன நாட்களைத் துரத்துவதில்லை, இன்றைய தேதியில் என்ன இருக்கிறதோ அதுதான். அட்டவணைக்கு ஐந்தில் நான்கு. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், அவர்கள் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களை நாளுக்கு ஒன்றாக முடித்துவிட்டு வரட்டும்.